வாடகை மலிவு, விறகு மலிவில்லை

தம்பி, பரிஸ் நகரில் ஒற்றை அறைக்குக் கொடுக்கும் காசுக்கு பிரான்சின் நடுப்பகுதியிலுள்ள குரூஸ் மாவட்டக் கிராமமொன்றில் தோட்டத்தோடு தனி வீடு கிடைக்கிறது, ஒக்டோபரில் மனைவி பிள்ளையோடு போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போகலாம். ஆனால் கையெழுத்து வைக்க முன்னம் வாடகையை விட்டுவிட்டு, வீடு எதனால் சூடாகிறது, கழிவுநீர் எங்கே போகிறது என்று பாருங்கள்.

வீட்டுக்காரர் 'டே பே உ' என்ற எரிசக்தி அறிக்கையைக் கட்டாயம் காட்ட வேண்டும். ஏ (மிக நல்லது) முதல் ஜி (மிக மோசம்) வரை தரம் போட்டிருக்கும். 2025 ஜனவரி 1 முதல் ஜி வீட்டைப் புதிதாக வாடகைக்கு விடக்கூடாது. எஃப் வீட்டை இன்னும் விடலாம், ஆட்கள் மாட்டுப்படுவது அங்கேதான். தடித்த கல்சுவரைப் பார்த்து மயங்க வேண்டாம். மேலே ஏறி, கூரைக்குக் கீழே கண்ணாடிப் பஞ்சு விரித்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நீங்கள் எரிக்கிற விறகெல்லாம் ஆகாயத்துக்குத்தான்.

விறகை 'ஸ்டேர்' கணக்கில் விற்பார்கள். ஒரு மீற்றர் நீளக் கட்டைகளை ஒரு கனமீற்றர் வரும்படி அடுக்கினால் ஒரு ஸ்டேர். அதையே 50 சென்ரிமீற்றராக வெட்டி அடுக்கினால் ஏறக்குறைய 0.8 கனமீற்றர்தான் வரும், 33 ஆக வெட்டினால் 0.7. இடைவெளி குறைவதுதான் காரணம், விறகுக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். அடுப்பின் உள்நீளத்தை அளந்த பிறகே சொல்லுங்கள். 33 அடுப்புக்கு 50 கட்டை வந்து இறங்கினால் வாளெடுத்து அறுக்க வேண்டியதுதான். ஈரப்பதம் 20 வீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், அதற்கு ஓக் மரம் இரண்டு வருடமாவது காயவேண்டும். ஒக்டோபரில் தேடினால் நல்ல காய்ந்த விறகு கிடைப்பது கஷ்டம், ஆகவே இப்போதே பேசி வையுங்கள். ஈர விறகு சூடு தராது. புகைபோக்கிக்குள் தார் படியவைக்கும், பிறகு அந்தத் தாரே தீப்பிடிக்கும். வருடாவருடம் புகைபோக்கியைத் துப்புரவாக்குவது வாடகைக்கு இருப்பவரின் செலவு. அந்தச் சான்றிதழைப் பத்திரப்படுத்துங்கள், வீட்டுக் காப்புறுதிக்காரர் கேட்பார். குளிர் வருகிறதென்று சுவரிலுள்ள காற்றுத் துளைகளைத் துணியால் அடைக்கவே கூடாது. அடுப்பிலிருந்து காபன் மொனொக்சைட் சேரும், மணமே தெரியாது. குரூஸ் கருங்கல் நிலம் என்பதால் தரையிலிருந்து ரேடன் என்ற கதிரியக்க வாயுவும் வரும்.

எண்ணெய்ச் சூடாக்கி என்றால், வீட்டைப் பொறுப்பெடுக்கும் நாளில் தாங்கியில் எத்தனை லீற்றர் நிற்கிறது என்று பத்திரத்தில் எழுதுவியுங்கள். பல விநியோகஸ்தர்கள் 500 லீற்றருக்குக் குறைத்துக் கொண்டுவர மாட்டார்கள்.

அடுத்தது 'ஃபோஸ்', மலக்குழி. கிராமத்தில் பொதுக் கழிவுநீர்க் குழாய் பெரும்பாலும் நடுப்பகுதியோடு நின்றுவிடும். குழி பக்டீரியாவால் வேலை செய்கிறது. ஜாவெல் தண்ணியை (வெளிற்றும் கிருமிநாசினி) தாராளமாக ஊற்றினால் அது செத்துப்போகும், குழி நாறும். ஈரத்துடைப்பான், பொரித்த எண்ணெய் எதுவும் போகக்கூடாது. எண்ணெயைப் போத்தலில் சேர்த்து 'டெஷெத்ரி' என்ற ஊர்க் கழிவு சேகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோங்கள். கசடு பாதி நிறைந்தால் குழியை உறிஞ்சி எடுப்பிக்க வேண்டும். அதுவும் உங்கள் செலவுதான், அதனால் கடைசியாக எடுத்த ரசீதை இப்போதே கேளுங்கள். குழிக்கு மேலே கார் நிறுத்தாதீர்கள்.

கார் இல்லாமல் சரிவராது. ஐரோப்பாவுக்கு வெளியே எடுத்த லைசென்ஸ், நீங்கள் குடியேறி ஒரு வருடம்தான் செல்லும். மாற்றித்தரும் ஒப்பந்தம் உங்கள் நாட்டோடு இல்லையென்றால் முதலிலிருந்து பரீட்சைதான். அந்த இடைவெளியில் லைசென்ஸ் இல்லாமல் ஓடுகிற இரண்டு இருக்கைச் சின்னக் காரைப் பலர் எடுக்கிறார்கள்: மணிக்கு 45 கிலோமீற்றர், 1988க்கு முன் பிறந்தவர்களுக்கு மட்டுமே எந்த அனுமதிப்பத்திரமும் தேவையில்லை. மற்றக் கார்களைப் போலவே, பலகை இல்லாத சந்தியில் வலதுபக்கத்திலிருந்து வருபவருக்கு வழிவிட வேண்டும், அது எவ்வளவு ஒடுங்கிய ஒழுங்கையாக இருந்தாலும். பரிஸ் நகருக்குப் போக, குரூஸிலுள்ள லா சூத்தரென் நிலையத்தில், பரிஸின் ஓஸ்தர்லிட்ஸ் நிலையத்துக்குப் போகும் ரயில் நிற்கும்.

குடும்ப டொக்டரைப் போக முன்னமே தேடுங்கள். புதியவரை எடுக்கமாட்டோம் என்பார்கள். பதிவான டொக்டர் இல்லாமல் காட்டினால் அரச காப்புறுதி 70 வீதத்துக்குப் பதில் 30 வீதம்தான் திருப்பித் தரும். அவசரத்துக்கு 15ஐ அழைத்ததும் முதலில் கொம்யூனின் (உள்ளூராட்சிப் பிரிவு) பெயரையும் குறிச்சியின் பெயரையும் சொல்லுங்கள். ஒரே பெயரில் பல ஊர்கள் உண்டு.

'மேரி' என்ற ஊர் நகரசபை அலுவலகம் கிழமையில் சில அரைநாட்கள்தான் திறந்திருக்கும், நேரத்தைக் கதவிலேயே எழுதியிருப்பார்கள். முதல் வாரமே போய் முகம் காட்டுங்கள், பிள்ளைக்கு மூன்று வயதானால் பள்ளிப் பதிவும் அங்கேதான் தொடங்கும். தடுப்பூசிப் பத்திரத்தையும் முகவரிச் சான்றையும் எடுத்துப் போங்கள். கடை, தெரு, பாண்காரர் எங்கேயும் முதல் வார்த்தை 'போன்ஜூர்'. அது சொல்லாமல் விலை கேட்டால் பதில் குளிர்ந்தே வரும். செப்டெம்பரிலிருந்து பெப்ரவரி முடிய வேட்டைக் காலம், காட்டுப் பக்கம் நடப்பதென்றால் செம்மஞ்சள் மேற்சட்டை போடுங்கள். விடியற்காலைச் சேவலுக்கும் கோயில் மணிக்கும் முறையிடப் போகாதீர்கள், 2021இல் அவற்றை ஊரின் மரபாகவே சட்டம் ஏற்றுக்கொண்டது.

மனைவி கேட்ட தோசைமாவு விசயம்: மா குளிரில் பொங்காது. வெதுப்பியை மூட்டாமல் உள்விளக்கை மட்டும் போட்டு, மாச்சட்டியை இரவு முழுக்க உள்ளே வையுங்கள்.