ஓவியம் படித்தால் சோறு போடுமா?

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். ஏ லெவல் (இங்கத்திய பிளஸ் டூ) முடித்ததும் ஃபைன் ஆர்ட், அதாவது ஓவியக் கலைதான் படிப்பேன் என்று மகள் ஒற்றைக் காலில் நிற்பதாக எழுதியிருந்தீர்கள். கேட்டால் பிரிட்டிஷ் ஓவியர் லினெட் யியாடம்-போவாச்சியின் படங்களைக் காட்டி "அவங்க மேல வரலையா?" என்கிறாளாம். லண்டனில் இருந்துகொண்டு பிள்ளையை ஃபார்மசிக்கு அனுப்பாமல் இப்படி விடலாமா என்று சொந்தக்காரர்கள் வேறு. சொந்தக்காரர்களை இப்போதைக்கு விடுங்கள். மகள் நல்ல உதாரணத்தைத்தான் பிடித்திருக்கிறாள். ஆனால் அதில் பாதியைத்தான் பார்த்திருக்கிறாள்.

லினெட் 1977 இல் லண்டனில் பிறந்தவர். பெற்றோர் கானாவிலிருந்து வந்து அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்ஸில் நர்ஸாக வேலை பார்த்தவர்கள். சொத்துள்ள வீட்டுப் பிள்ளை பொழுதுபோக்காக வரைந்த கதை இல்லை இது. முதலில் சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் என்ற லண்டன் கலைக் கல்லூரியில் சேர்ந்தார். பேர்பெற்ற இடம்தான், ஆனால் அவருக்கு ஒத்துவரவில்லை. அதை விட்டு, கார்ன்வாலில் கடலோரம் இருக்கும் ஃபால்மத் கலைக் கல்லூரிக்குப் போய் 2000 இல் பட்டம் வாங்கினார். பெயரைப் பார்த்துக் கல்லூரி தேடும் பெற்றோரிடம் இதை நான் அடிக்கடி சொல்வேன். அப்புறம் லண்டனில் ராயல் அகாடமி ஸ்கூல்ஸ் என்ற கலைப் பள்ளி. அங்கே 2003 இல் முடித்தார். அந்த மூன்று வருட முதுநிலைப் படிப்புக்குக் கட்டணம் கிடையாது. அதனால் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு.

உங்கள் மகள் தாண்டிப் போன பகுதி இனிமேல்தான் வருகிறது. இவ்வளவு படித்தும் உடனே படம் விற்று வாழ்க்கை ஓடிவிடவில்லை. வேறு வேலைகள் பார்த்துக்கொண்டே வரைந்தார். 2006 இல் ஆர்ட்ஸ் ஃபவுண்டேஷன் உதவித்தொகை கிடைத்த பிறகுதான் அந்த வேலைகளை விட முடிந்தது. பிரிட்டனின் பெரிய கலைப் பரிசான டர்னர் பரிசின் இறுதிப் பட்டியலில் பெயர் வந்தது 2013 இல். பரிசு வேறொருவருக்குப் போனது. லண்டனில் டேட் பிரிட்டன் என்ற கலை அருங்காட்சியகத்தில் அவருடைய பெரிய கண்காட்சி திறந்தது 2020 டிசம்பரில். அதையும் கொரோனா மூடவைத்தது, 2022 இல் மறுபடி வைத்தார்கள். கல்லூரி வாசலை மிதித்த நாளிலிருந்து கணக்குப் போட்டால் இருபது வருஷத்துக்கு மேல்.

அதனால் "வேலை கிடைக்குமா?" என்று மகளைக் கேட்காதீர்கள். "படிப்பு முடிந்து முதல் ஐந்தாறு வருஷம் வாடகைக்கு என்ன வழி?" என்று கேளுங்கள். அவளிடம் பதில் இருக்க வேண்டும். கேலரியில் படம் மாட்டும் டெக்னீஷியன் வேலை, படங்களுக்கு ஃபிரேம் போடும் பட்டறை, அருங்காட்சியகம், பள்ளியில் பகுதிநேர ஆர்ட் டெக்னீஷியன் என்று ஓவியர்கள் பல வழியில் காலம் தள்ளுகிறார்கள். முழுநேர ஆசிரியர் வேலை நிலையான சம்பளம் தரும். ஆனால் முதல் சில வருஷம் தூரிகையைத் தொட விடாது என்பது என் அபிப்பிராயம். வாரத்தில் மூன்று நாள் வேலை, மிச்சம் வரைய என்று அமைந்தால் நல்லது.

ஒரு படம் கோடிக்கணக்கில் போகிறதே என்று யாராவது ஆசை காட்டினால் நம்ப வேண்டாம். ஜென்னி சேவில் என்ற பிரிட்டிஷ் ஓவியர் கிளாஸ்கோவில் படித்து முடித்த 1992 இல் வரைந்த 'ப்ராப்ட்' என்ற படம், 2018 அக்டோபரில் லண்டன் ஏலத்தில் சுமார் 95 லட்சம் பவுண்டுக்குப் போனது. பணம் போய்ச் சேர்ந்தது விற்றவர் பக்கத்துக்கு. மறுவிற்பனையில் ஓவியருக்கும் சட்டப்படி ஒரு பங்கு உண்டு, ஆனால் அன்று அதன் உச்சவரம்பு 12,500 யூரோ. கேலரியில் முதன்முறை விற்கும்போதும் பாதி கேலரிக்குப் போவதுதான் பெரும்பாலும் வழக்கம். மிச்சப் பாதியில்தான் வர்ணம், கான்வாஸ், ஸ்டூடியோ வாடகை, வரி எல்லாம்.

கல்விக் கடனைப் பற்றி அவ்வளவு பயம் வேண்டாம், அது வட்டிக்கடைக் கடன் மாதிரி இல்லை. இப்போதைய திட்டப்படி இங்கிலாந்தில் வருமானம் 25,000 பவுண்டைத் தாண்டினால், தாண்டிய தொகையில் 9 சதவீதம் பிடிப்பார்கள். சம்பாத்தியம் குறைவாக இருந்தால் பிடித்தமே இல்லை. 40 வருஷத்தில் மிச்சம் தள்ளுபடி.

நீங்கள் அனுப்பிய படங்களையும் பார்த்தேன். போட்டோவைப் பார்த்து அச்சுப் பிசகாமல் வரைந்த நடிகர்களின் பென்சில் முகங்கள். கை நன்றாக இருக்கிறது. ஆனால் கல்லூரியில் மாணவர்களைத் தேர்வு செய்பவர்கள் புரட்டிப் பார்ப்பது ஸ்கெட்ச் புத்தகத்தை. அடித்துத் திருத்தியது, வர்ணம் கலந்து பார்த்த கறை, பாதியில் நின்ற யோசனை எல்லாம் அதில் வேண்டும். லினெட்டின் படங்களில் இருப்பவர்கள் நிஜ மனிதர்களே இல்லை, கற்பனையில் பிறந்தவர்கள். பல கான்வாஸ்களை வர்ணம் காய்வதற்குள் ஒரே நாளில் முடித்திருக்கிறார். போட்டோவை நகலெடுத்துப் பழகிய கைக்கு இது வராது.

உடனே பட்டப்படிப்புக்குப் போகாமல் ஃபவுண்டேஷன் கோர்ஸ் என்ற ஒரு வருட ஆயத்தப் படிப்பில் சேரட்டும். 19 வயதுக்குள் சேர்ந்தால் இங்கத்திய மாணவர்களுக்குப் பல கல்லூரிகளில் கட்டணம் இல்லை. சேருமுன் அந்தந்தக் கல்லூரியில் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த ஒரு வருஷத்தில் அவளுக்கே தெரிந்துவிடும். பெயின்டிங் இல்லை, கதைக்கும் புத்தகத்துக்கும் படம் போடும் இல்லஸ்ட்ரேஷன்தான் என்று திரும்பி வருகிறவர்களும் உண்டு. கோடையில் கல்லூரிகள் டிகிரி ஷோ, அதாவது படிப்பை முடிக்கும் மாணவர்களின் கண்காட்சி வைக்கும். நீங்களும் கூடப் போங்கள். படத்தின் பக்கத்தில் அதை வரைந்த பிள்ளையே நிற்கும். சனி, ஞாயிறில் எங்கே வேலைக்குப் போகிறாய் என்று தயங்காமல் கேளுங்கள்.