நாள் குறித்தாகிவிட்டது என்றால் மாத்திரை எதற்கு?

கேள்வி: என் கணவருக்கு 7 வருஷமாகச் சர்க்கரை நோய். மூன்று மாதமாக மாத்திரையை நிறுத்திவிட்டார். "என் நாட்களெல்லாம் கர்த்தருடைய புஸ்தகத்தில் எழுதியிருக்கிறது. மாத்திரை போட்டாலும் போடாவிட்டாலும் அது மாறாது" என்று 139-ஆம் சங்கீதத்தைக் காட்டுகிறார். வசனத்தை மீறி நான் எப்படிப் பேசுவது?

பதில்: சகோதரி, வசனத்தை நீங்கள் மீறவே வேண்டாம். 2 இராஜாக்கள் 20-ஆம் அதிகாரத்தையும் அவரோடு உட்கார்ந்து வாசியுங்கள்.

எசேக்கியா ராஜா பிளவை என்ற கொடிய கட்டி வந்து சாகக் கிடக்கிறார். அழுது ஜெபிக்கிறார். இன்னும் 15 வருஷம் கூட்டித் தருவதாகக் கர்த்தர் தீர்க்கதரிசி ஏசாயா மூலம் சொல்லியனுப்புகிறார். வருஷக் கணக்கோடு கொடுத்த வாக்கு. உங்கள் கணவர் சொல்வது சரியென்றால், அதற்கு மேல் யாரும் விரலைக்கூட அசைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த வாக்கைச் சொன்ன ஏசாயாவேதான் அத்திப்பழ அடையைக் கொண்டுவரச் சொல்கிறார். பிளவைமேல் பற்றுப் போடுகிறார்கள், ராஜா பிழைக்கிறார். 15 வருஷத்தை அறிந்த கர்த்தர் அந்தப் பற்றையும் அறிந்துதான் இருந்தார். போய்ச் சேரும் இடம் மட்டும் தெரியும், வழி தெரியாது என்றால் அது என்ன முன்னறிவு?

இந்த வாதம் மிகப் பழையது. கிரேக்கர்கள் இதைச் 'சோம்பேறி வாதம்' என்றே அழைத்தார்கள். குணமாவது விதியென்றால் வைத்தியரைக் கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் குணமாகும் என்பது வாதம். கி.பி. மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிறிஸ்தவ அறிஞர் ஓரிகன் இதற்கு எடுத்துக்காட்டும் பதில் எனக்கு மிகவும் பிடிக்கும்: பிள்ளை பிறப்பது விதியென்றால், மனைவியோடு சேராமலே பிறந்துவிடுமா?

அப்புறம், அறிவது வேறு, செய்யவைப்பது வேறு. நேற்று நடந்தது நம் நினைவில் இருக்கிறது; அந்த நினைவா அதை நடக்கவைத்தது? கடவுளின் முன்னறிவும் நம்மைக் கட்டாயப்படுத்துவதில்லை என்றார் பழங்காலச் சபைப் போதகர் அகஸ்டின். கடவுள் அறிந்தது தவறாதபோது நான் வேறு விதமாகச் செய்ய முடியுமா என்ற கேள்வி இதோடு தீர்ந்துவிடாது, அதில் சபைகளுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் எல்லாம் தேவன் நியமித்தபடியே நடக்கிறது என்று அழுத்திச் சொன்ன சபைச் சீர்திருத்தவாதி கால்வினே என்ன எழுதினார்? நம் ஆயுளுக்கு எல்லை வைத்தவரே அதைப் பேணும் பொறுப்பையும் நம்மிடம் ஒப்படைத்தார், அதற்கான பரிகாரங்களையும் தந்தார் என்றுதான்.

இன்னொன்றையும் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். மாத்திரை வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லையா? தினமும் போட்டுச் சலித்துவிட்டதா? சில வீடுகளில் அந்தச் சலிப்புதான் முதலில் வருகிறது, வசனம் பிறகு வந்து சேர்கிறது. அவரை அவிசுவாசி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

மூன்று மாதம் விட்டிருப்பதால் பழைய மாத்திரையை அவராகவே திரும்பத் தொடங்க வேண்டாம். இந்த வாரமே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள், நிறுத்தியதை மறைக்காமல் சொல்லட்டும். கிளம்புவதற்கு முன் வீட்டு ஜெபத்தில் அந்த 20-ஆம் அதிகாரத்தை அவரையே சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள்.