வீட்டைப் பார்க்க வரமுன்னமே "கடைசி விலை என்ன?" என்று கேட்பவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

கேள்வி கேட்டவர் யாழ்ப்பாணம் கொக்குவிலில் இரண்டரைப் பரப்புக் காணியோடு வீடு விற்கப் போட்டிருக்கிறார். போன் எடுக்கிற எல்லோரும் முதல் கேள்வியாகவே கடைசி விலையைக் கேட்கிறார்களாம். சொல்லாவிட்டால் வைத்துவிடுகிறார்கள். சொன்னால் நேரில் வந்து அதிலிருந்து இன்னும் குறைக்கச் சொல்கிறார்கள்.

என் பதில்: விளம்பரத்தில் போட்ட விலையைத் தயங்காமல் சொல்லுங்கள். கடைசி விலையை மட்டும், வீட்டைப் பார்க்காத ஒருவருக்கு, அவர் எவ்வளவு நல்ல மனிதராகத் தெரிந்தாலும் சொல்ல வேண்டாம். அதைக் கோபப்படாமல் சொல்லாமல் விடுவதில்தான் விஷயம் இருக்கிறது.

கோண்டாவிலில் அக்காவின் சீதன வீட்டை விற்றுக் கொடுத்தது நான்தான். அவர் கனடாவில், போன் என் கையில். வந்த அழைப்புகளில் பாதி இப்படித்தான் போகும்:

"அண்ணை, வீடு விக்கப் போட்டிருக்கு. கடைசி என்ன விலை?"

"விலை போட்டிருக்குத்தானே தம்பி."

"அது சரி, கடைசியாச் சொல்லுங்கோ."

"வீட்டைப் பாத்தனீங்களோ?"

"படத்திலை பாத்தனான்."

"படத்திலை கிணத்துத் தண்ணி தெரியாது. வந்து பாருங்கோ, பிடிச்சா இருந்து கதைப்பம்."

"இல்லை, ஒரு ஐடியாவுக்கு."

"ஐடியாவுக்குத்தான் அந்த விலையைப் போட்டனான்."

இதில் சிலர் சிரிப்பார்கள். சிரிப்பவர்கள் பெரும்பாலும் வருவார்கள். "சரி, பிறகு எடுக்கிறன்" என்று வைப்பவர்களைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். இந்த அழைப்புகளை எடுப்பவர்கள் எல்லோரும் வாங்குகிறவர்கள் இல்லை. பக்கத்து ஒழுங்கையில் காணி வைத்திருப்பவர், தன் காணிக்கு என்ன விலை சொல்லலாம் என்று பார்க்க எடுப்பார். தரகர், ஆளைப் பிடிக்கும் முன் விலையைப் பிடித்து வைக்க எடுப்பார். இவர்களுக்குச் சொன்ன கடைசி விலை, அடுத்த நாள் சந்தியில் எல்லோருக்கும் தெரிந்த விலையாகிவிடும்.

இன்னொன்றையும் யோசியுங்கள். இலங்கையில் காணி விற்பனைக்கான உடன்படிக்கை, 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புச் சட்டப்படி, எழுத்தில், உறுதி (காணிப் பத்திரம்) எழுதும் நொத்தாரிசு முன் ஒப்பமிட்டால்தான் செல்லும். ஆகவே போனில் பேசிய விலை வாங்குகிறவரை எந்த வகையிலும் கட்டாது. உங்களையும் சட்டப்படி கட்டாது. ஆனால் பேச்சில் உங்களை மட்டும் கட்டிவிடும். 2 கோடி 40 இலட்சம் போட்டுவிட்டுப் போனில் 2 கோடி 20 என்று சொல்லிவிட்டீர்கள் என்று வையுங்கள். அவர் வீட்டுக்கு வரும்போது 2 கோடி 20 தான் ஆரம்ப விலை. அதிலிருந்து குறைக்கத்தான் அவர் வருகிறார். ஓட்டில் ஒழுக்கு, குசினியில் வெடிப்பு, மதில் சாய்வு என்று அவர் காட்டுகிற ஒவ்வொன்றுக்கும் கொடுக்க உங்கள் கையில் ஒன்றும் மிச்சமிராது.

விளம்பரத்தில் "விலை பேசித் தீர்மானிக்கலாம்" என்று எழுதியிருந்தால் அதை எடுத்துவிடுங்கள். கடைசி விலையைக் கேளுங்கள் என்று நீங்களே வெற்றிலை வைத்து அழைத்த மாதிரி அது. பேரம் பேசலாம் என்பது யாழ்ப்பாணத்தில் ஒருவருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. தொகையைப் போடுங்கள், மிகையாகவும் போடாதீர்கள். அக்கம்பக்கத்தில் போகிற விலையை விட எக்கச்சக்கமாக ஏற்றி வைத்தால் இந்தக் கேள்வி கூடுமே தவிரக் குறையாது.

சரி, அவர் கேள்வி கேட்டால் நீங்கள் சும்மா இருக்க வேண்டுமா? இல்லை, திருப்பிக் கேளுங்கள். "ஆருக்கு எடுக்கிறியள்? உறுதி ஆற்றை பேரிலை எழுதுறது?" இந்த ஊரில் இது மிக முக்கியமான கேள்வி. வாங்குகிறவர்களில் கனபேர் ரொறன்ரோ, லண்டன், பாரிஸ் என்று இருக்கிறார்கள். போன் எடுப்பது தம்பி அல்லது மச்சான். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தின்படி வெளிநாட்டுப் பிரஜைக்கு இங்கே காணியை விற்று உறுதி எழுத முடியாது. இலங்கைக் குடியுரிமையை விட்டவர் இரட்டைக் குடியுரிமை எடுத்திருந்தால் வாங்கலாம். எடுக்காவிட்டால் தன் பெயரில் வாங்க முடியாது. பிறகு "அம்மாவின் பேரில் எழுதுவம்", "தங்கச்சியின் பேரில் எழுதுவம்" என்று அவர்கள் குடும்பத்துக்குள் பேச்சு ஆரம்பமாகும். அது முடிய மாதக்கணக்கும் ஆகலாம், முடியாமலும் போகலாம். அதுவரை உங்கள் கடைசி விலை அவர்கள் வீட்டு வைபர் குழுவில் சுற்றிக்கொண்டிருக்கும். உறுதி யார் பெயரில் என்று தெரியாத ஒருவரிடம் விலை குறைத்துப் பேசுவதில் என்ன பயன்?

அடுத்து, கையில் காசா, வங்கிக் கடனா என்று கேளுங்கள். கடன் என்றால் வங்கி தன் மதிப்பீட்டாளரை அனுப்பும், உறுதிகளைத் தன் சட்டத்தரணியிடம் கொடுக்கும், நாள் எடுக்கும். கடன் எடுப்பவரை நான் ஒருபோதும் தட்டிக் கழிக்க மாட்டேன். மாதச் சம்பளக்காரர்கள் சொன்ன சொல்லில் நிற்பார்கள் என்பது என் அனுபவம். ஆனால் உடனே முழுக் காசு தருகிறவருக்குக் குறைக்கிற அளவு இவருக்கும் குறைக்கத் தேவையில்லை.

வேறொரு வடிவத்திலும் இதே கேள்வி வரும்: "பரப்பு என்ன விலைக்குப் போகுது?" ஒரு பரப்பு பத்துப் பேர்ச். பக்கத்தில் வெறுங்காணி போன விலையை எடுத்து, உங்கள் இரண்டரையால் பெருக்கி, வீட்டைப் பழசு என்று கழித்துவிட்டு ஒரு தொகை சொல்வார்கள். அந்தக் கணக்குக்குள் போகாதீர்கள். "வளவும் வீடும் சேத்துத்தான் விலை" என்று ஒரே வசனத்தில் நிறுத்துங்கள். ஏனென்றால் நம்மூரில் விலையைத் தீர்மானிக்கிற பல விஷயங்கள் பரப்புக் கணக்கில் வராது. அக்காவின் வீட்டை வாங்கியவர், ஓய்வு பெற்ற ஆசிரியர், முதல் தரம் வந்தபோது வீட்டுக்குள் காலே வைக்கவில்லை. ஒழுங்கை முகப்பில் மோட்டார் சைக்கிளை விட்டுவிட்டு, மதிலுக்கு மதில் அடி வைத்து அகலத்தை அளந்துகொண்டே படலை மட்டும் நடந்து வந்தார். பிறகு கிணற்றடிக்குப் போய், தானே ஒரு வாளி அள்ளி, கையில் ஏந்திக் குடித்தார். கொஞ்ச நேரம் வாயில் வைத்திருந்து விழுங்கிவிட்டு, "உவரில்லை" என்றார், எனக்கில்லை, தன் மனைவிக்கு. அதன் பிறகுதான் செருப்பைக் கழற்றி விறாந்தையில் ஏறினார். போனில் அவரும் கடைசி விலையைத்தான் கேட்டவர். தண்ணீர் குடித்த பிறகு அவர் கேட்ட கேள்விகளே வேறு: கிணறு முழுதாக உங்களுடையதா பங்குக் கிணறா, உறுதியில் வழி உரிமை எழுதியிருக்கிறதா, அளவைப் படம் எப்போது எடுத்தது, சோலைவரி (வீட்டு வரி) கட்டிய துண்டு இருக்கிறதா. இப்படிக் கேட்கிறவரிடம்தான் விலை பேசலாம்.

தரகர்கள் எப்போதும் கடைசி விலை என்றே கேட்க மாட்டார்கள். "உங்களுக்குக் கையிலை எவ்வளவு வேணும்?" என்று கேட்பார்கள். அதுவும் இதே கேள்விதான், இன்னும் ஆபத்தானது. நீங்கள் ஒரு தொகை சொன்னால், அதற்கு மேல் வைத்து விற்று மிச்சத்தைத் தான் எடுக்கலாம் என்று எண்ணுகிற ஆட்கள் உண்டு. வாங்குகிறவர் கூடிய விலையைக் கேட்டுப் பின்வாங்குவார், உங்களுக்கு ஏன் என்றே தெரியாது. எல்லாத் தரகருக்கும் விளம்பரத்தில் உள்ள அதே விலையைச் சொல்லி, தரகுக்காசு எவ்வளவு என்பதைத் தனியாக, முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

சொந்தக்காரர் விஷயம் கொஞ்சம் சிக்கலானது. தேசவழமைக்கு (யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டம்) உட்பட்ட ஆதனம் என்றால், 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டப்படி கூட்டுச் சொந்தக்காரருக்கும், உங்களுக்கு வாரிசாக வரக்கூடியவர்களுக்கும் முதலில் வாங்கும் உரிமை உண்டு. விற்கப் போவதை அவர்களுக்கு அறிவிக்க வேண்டும். போனில் யாரோ ஒருவருக்கு வாய் தவறி ஒரு குறைந்த விலையைச் சொல்லியிருந்து, அது பெரியப்பாவின் மகன் காதுக்கும் போயிருந்தால், "வெளியாளுக்கு அந்த விலை, எனக்கு இந்த விலையோ?" என்ற பேச்சு வரும். சபை சந்தியில் அதற்குப் பதில் சொல்ல முடியாது. ஆகவே விளம்பரம் போடுவதற்கு முன்னமே அவர்களிடம் போய்க் கதைத்துவிடுங்கள். வீடு மனைவியின் பெயரில் என்றால், தேசவழமைப்படி கணவனின் எழுத்துமூலச் சம்மதமும் வேண்டும். அவர் வெளிநாட்டில் என்றால் அற்றோணித் தத்துவத்தை (தன் சார்பில் ஒப்பமிட இன்னொருவருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) அங்குள்ள இலங்கைத் தூதரகத்தில் ஒப்பமிட்டு அனுப்பி இங்கே பதிய வேண்டும். இதையெல்லாம் முதலிலேயே செய்து வையுங்கள். விலை பேசி முடித்த பிறகு நீங்கள் ஒப்பத்துக்கு அலைந்தால், அந்த இடைவெளியில் வாங்குகிறவர் இன்னொரு தரம் விலை பேசுவார்.

சிலர் முதல் அழைப்பிலேயே "உறுதியிலை எவ்வளவு போடலாம்?" என்பார்கள். முத்திரை வரி முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிகுதிக்கு 4 வீதம். வழக்கமாக அதை வாங்குகிறவர்தான் கட்டுவார், அதனால்தான் இந்தக் கேள்வி. "கொடுக்கிற விலைதான் உறுதியிலை" என்று நான் சொல்லிவிடுவேன். அதைக் கேட்டு விலகிப் போனவர்கள் உண்டு, போகட்டும்.

வெளிநாட்டில் இருந்து நேரே எடுப்பவர்களுக்கு மட்டும் கொஞ்சம் இடம் கொடுங்கள். அவர்களால் நாளைக்கே வந்து பார்க்க முடியாது. வாட்ஸ்அப்பில் வீடியோ எடுத்து வளவைச் சுற்றிக் காட்டுங்கள், உறுதியின் பிரதியை அவர்களுடைய நொத்தாரிசுக்குக் கொடுங்கள், அவர்கள் சார்பில் ஒருவர் வந்து பார்க்கட்டும். நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறவர் என்றால் அதுவரை பொறுத்தாலும் பரவாயில்லை, ஆனால் அவருக்காக மற்றவர்களை நிறுத்தி வைக்காதீர்கள். யாராவது உங்கள் விலையில் பாதிதான் தன்னிடம் இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொன்னால், சரிவராது என்று நீங்களும் உடனே சொல்லிவிடுங்கள். வீணாக ஒருவரை வெயிலில் அலைய வைக்கக் கூடாது.

எப்போது குறைப்பது? அவர் இரண்டாம் தரம், வீட்டுப் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு வந்து, உறுதிகளைத் தன் நொத்தாரிசிடம் காட்டிக் காணிப் பதிவகத்தில் தேடிப் பார்த்த பிறகு. அப்போதும் சும்மா குறைக்காதீர்கள். எழுதுகிற திகதியையும் முற்பணத்தையும் அவர் முதலில் சொல்லட்டும், அதற்கு எதிராகக் குறையுங்கள். அக்காவின் வீட்டில் அந்த ஆசிரியர் "அடுத்த மாதம் முழுக்காசோடை எழுதுறன், எவ்வளவு குறைப்பியள்?" என்று கேட்டார். அன்றைக்குத்தான் நான் அக்காவுக்கு போன் எடுத்து அவருடைய கடைசி விலையையே கேட்டேன்.