போர் தண்ணீரில் பால் பவுடர் கலக்கலாமா?

உங்கள் கடிதம் படித்தேன். தண்ணீரில் மாத்திரையும் ஹார்மோனும் கலந்திருக்கிறது என்று வீடியோ பார்த்துவிட்டு, அதை உறிஞ்சி எடுக்க இரண்டு மாதமாகக் கரி மாத்திரை (ஆக்டிவேட்டட் சார்கோல்) விழுங்குகிறீர்களாம். இன்றே நிறுத்துங்கள். நீங்கள் சாப்பிடும் தைராய்டு மாத்திரையையும் அந்தக் கரி பிடித்துக்கொள்ளும்.

குடிநீரில் மருந்து எச்சம் இருந்தாலும் பெரும்பாலும் நானோகிராம் கணக்குத்தான். லிட்டருக்கு 100 நானோகிராம் பாராசிட்டமால் என்றே வைத்துக்கொண்டு தினம் 2 லிட்டர் குடியுங்கள். ஒரு 500 மில்லிகிராம் மாத்திரையின் அளவு உள்ளே போக 6,800 வருஷம் ஆகும். மருந்து ஆலைக் கழிவு இறங்கும் ஊர் என்றால் பேச்சு வேறு. உங்களுடையது தென்னந்தோப்பு.

என்னை உறுத்துவது நீங்கள் கடைசியில் போகிறபோக்கில் எழுதிய வரி: 3 மாதக் குழந்தைக்கு அதே போர் தண்ணீரை 20 நிமிடம் கொதிக்கவைத்துப் பால் பவுடர் கலக்குகிறீர்கள். போருக்கு 20 அடியில் செப்டிக் டேங்க், சுற்றிலும் யூரியா. அங்கே சந்தேகப்பட வேண்டியது, உரத்திலும் கழிவிலும் இருந்து நிலத்தடி நீரில் இறங்கும் உப்பான நைட்ரேட். காய்ச்சினால் கிருமி சாகும். நைட்ரேட் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். ஆறு மாதத்துக்குள் உள்ள குழந்தையின் வயிற்றில் அது நைட்ரைட்டாகி, ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் செய்துவிடும்.

உதடு, நகம், வாயைச் சுற்றி நீலமோ சாம்பல் நிறமோ தெரிகிறதா என்று பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மாநிறக் குழந்தைக்கு ஈறும் நாக்கும்தான் சரியாகக் காட்டும். காய்ச்சலோ இருமலோ இல்லாமலே நீலம் பூத்து, குழந்தை சோர்ந்து பால் குடிக்க மறுத்தால் கை வைத்தியம் வேண்டாம். நேரே அரசுத் தலைமை மருத்துவமனைக்குப் போய் "போர் தண்ணீரில் பவுடர் பால் கொடுக்கிறோம்" என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். வெள்ளைத் துணியில் விட்ட ரத்தத்துளி காற்றுப் பட்டும் சிவக்காமல் சாக்லேட் நிறத்திலேயே நின்றால் டாக்டருக்குப் புரிந்துவிடும். மாற்று மருந்து உண்டு.

குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் தண்ணீரைச் சோதிக்கலாம். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, சுத்தமான 2 லிட்டர் கேனை அதே தண்ணீரில் மூன்று முறை அலசிப் பிடித்து, அன்றைக்கே கொடுங்கள். நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டினால் குழந்தைக்கு ஆகாது. நல்ல நிலையில் உள்ள ஆர்ஓ அதைக் குறைக்கும். யுவியும் கேண்டில் ஃபில்டரும் தொடவே தொடாது. கரைந்த உப்பு மொத்தத்தையும் காட்டும் டிடிஎஸ் பேனாவில் நைட்ரேட் தனியாகத் தெரியாது.

ரிசல்ட் வரும்வரை ஆற்றுநீர்த் திட்டக் குழாய்த் தண்ணீரையோ ஐஎஸ்ஐ முத்திரையுள்ள கேன் தண்ணீரையோ கொதி வந்ததும் இறக்கிக் கலக்குங்கள். தாய்ப்பால் கொஞ்சம் சுரந்தாலும் நிறுத்தாதீர்கள். நீங்கள் குடிக்கும் தண்ணீரின் நைட்ரேட் அதில் அவ்வளவாக இறங்காது.