இரண்டு மின்னூட்டங்களுக்கு இடையே விசை எங்கே சமமாகும்?

ஒரே வகை மின்னூட்டம் கொண்ட இரண்டு துகள்களை அசையாமல் பொருத்திவிட்டு, இடையில் மூன்றாவதை வைத்தால், இரு பக்கத் தள்ளலும் சரிக்குச் சரியாகும் ஓர் இடம் உண்டு. அதுதான் சமநிலைப் புள்ளி. பிரெஞ்சு இயற்பியலாளர் கூலும் 1785-இல் காட்டியபடி, தூரம் இரட்டித்தால் விசை கால்வாசியாகும். அதனால் மின்னூட்டங்கள் 1-க்கு 4 என்றிருந்து, இடைவெளி 30 செ.மீ. என்றால், அந்த இடம் சிறியதிலிருந்து 10 செ.மீ., பெரியதிலிருந்து 20 செ.மீ.

ஊட்டியில் ஜனவரி உறைபனி இரவில் இரண்டு கணப்புகளுக்கு நடுவே நின்றவர்களுக்கு இது உடம்பிலேயே தெரியும். ஒன்று பெரிய தீ, மற்றது சின்னது என்றால், முகமும் முதுகும் ஒரே அளவு காய்வதற்குக் கால் தானாகச் சின்னத் தீப் பக்கம் நகரும். (அனலும் ஏறக்குறைய இதே கணக்கில்தான் குறைகிறது, எனக்கு மிகவும் பிடித்த ஒற்றுமை இது.)

சமநிலை என்றதும் பலர் நட்டநடுவைக் காட்டுவார்கள். இரண்டு மின்னூட்டமும் சம அளவாக இருந்தால் மட்டுமே அது சரி.