சீட்டில் குறித்த விலையும் பலகையில் எழுதிய விலையும்

அண்ணனுக்கு வணக்கம்.

மண்டபத்திலிருந்து எழுதுகிறேன். கணினி அறிவியல் மூன்றாம் ஆண்டு. அப்பா விசைப்படகுக்குப் போகிறவர் என்பதால், படகுகளின் டோக்கன் (கடலுக்குப் போக மீன்வளத்துறை தரும் அனுமதி) விவரம் காட்டும் சின்ன ஆப் ஒன்றை ப்ராஜெக்ட்டாக எடுத்தேன். படகுக்கு ஒரு பட்டன், தட்டினால் அந்தப் படகின் டோக்கன் வர வேண்டும். ஜாவாவில் அனானிமஸ் இன்னர் கிளாஸ் (பெயர் வைக்காமல் அந்த இடத்திலேயே எழுதும் கிளாஸ்) போட்டு எழுதினால், உள்ளே லூப்பின் ‘ஐ’யை, அதாவது சுற்றை எண்ணும் மாறியைத் தொடவே கம்பைலர் விடமாட்டேன் என்கிறது. ஜாவாஸ்கிரிப்டில் க்ளோஷராக (வெளியே உள்ள மாறிகளையும் கூடவே எடுத்துப்போகும் ஃபங்ஷனாக) எழுதினேன், ஒரு பிழையும் காட்டாமல் ஓடுகிறது. ஆனால் எந்தப் பட்டனைத் தட்டினாலும் கடைசிப் படகுதான் வருகிறது! கேட்டால், “ரெண்டும் ஒண்ணுதாம்மா, க்ளோஷர்ங்கிறது சுருக்கமா எழுதுறது, அவ்வளவுதான்” என்கிறார்கள். நிஜமாகவே ஒன்றுதானா? பெயர் போட வேண்டாம் அண்ணா.

மாணவி, மண்டபம்

அன்புத் தங்கச்சிக்கு,

ஒன்றில்லை. செய்கிற வேலை ஒன்றுதான்: “இப்போது ஓடாதே, பட்டனைத் தட்டும்போது ஓடு” என்று ஒரு துண்டு நிரலை ஒப்படைத்துவிட்டு வருகிறோம். ஆனால் பிறகு எப்போதோ ஓடப்போகிற அந்தத் துண்டு, தான் எழுதப்பட்ட இடத்தில் இருந்த மாறிகளை எப்படி எடுத்துப்போகிறது? உங்களுக்கு வந்த இரண்டு சிக்கலும் அங்கேதான் இருக்கிறது.

ஏலத்தில் நண்டு விலையைத் துண்டுச்சீட்டில் குறித்துக்கொண்டு போகிறவர் ஒருவர். கேட்கும்போதெல்லாம் விலைப் பலகையைப் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறவர் இன்னொருவர். சாயங்காலம் இருவரும் ஒரே விலை சொல்வார்கள் என்று நம்ப முடியாது. ஜாவா சீட்டுக்காரர், ஜாவாஸ்கிரிப்ட் பலகைக்காரர்.

ஜாவாவில் ஒரு மெத்தடின் உள்மாறிகள் ஸ்டாக் என்ற தற்காலிக நினைவகத்தில் இருக்கும், மெத்தட் முடிந்ததும் போய்விடும். பட்டனிடம் கொடுத்த ஆப்ஜெக்டோ, மெத்தட் முடிந்தாலும் அழியாத ஹீப் என்ற நினைவகத்தில் உயிரோடு இருக்கும். அதனால் கம்பைலர் மாறியின் மதிப்பை நகலெடுத்து, அந்த ஆப்ஜெக்டுக்குள் மறைவான ஒரு ஃபீல்டில் வைத்துவிடுகிறது. நகல் ஒன்று சொல்லி அசல் வேறொன்று சொன்னால் குழப்பம்தானே? அதனால்தான் மாறாத மாறியை மட்டும் எடு என்று கட்டுப்பாடு. 1997-இல் ஜாவா 1.1-இல் இன்னர் கிளாஸ் வந்தபோது மாறிக்கு முன்னால் ‘ஃபைனல்’ (இனி மாறாது) என்று எழுதியே ஆக வேண்டும். 2014-இல் ஜாவா 8 அதைத் தளர்த்தி, எழுதாவிட்டாலும் பரவாயில்லை, மாற்றாமல் இருந்தால் போதும் என்றது. ‘ஐ’ சுற்றுக்குச் சுற்று ஏறுகிறது, அதனால் மறுக்கிறது.

இதில் கவனியுங்கள்: அதே ஜாவா 8-இல் வந்த லாம்டாவுக்கும் (பெயரில்லாத குட்டி ஃபங்ஷனுக்கும்) இதே விதிதான். அதுவும் சீட்டுக்காரர்தான். 1975-இல் வந்த ஸ்கீம் மொழியில் பழகியவர்கள் இதை முழு க்ளோஷர் என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அந்த ஸ்கீமை உருவாக்கிய இருவரில் ஒருவரான கை ஸ்டீல் பிறகு ஜாவாவிலும் வேலை செய்தவர். இன்னர் கிளாஸின் முதல் மாதிரியில் மாறக்கூடிய மாறிகளையும் எடுக்க முடிந்தது, அப்படியானால் அவற்றை ஹீப்பில் வைக்க வேண்டுமே என்று பயனர்களே கூச்சல் போட்டார்கள் என்று அவர் சொல்லியிருக்கிறார். அன்று மிரண்டவர்களுக்காகப் போட்ட வேலியில்தான் இன்று நீங்கள் முட்டிக்கொள்கிறீர்கள்.

சரி, ஜாவாஸ்கிரிப்ட். லூப்புக்குள் ‘வார்’ போட்டுப் படகை எடுத்திருப்பீர்கள். ‘வார்’ மாறி லூப்புக்குச் சொந்தமில்லை, முழு ஃபங்ஷனுக்கும் ஒன்றே ஒன்றுதான். எல்லாப் பட்டனும் அந்த ஒரே மாறியைப் பார்க்கின்றன, லூப் முடியும்போது அதில் இருப்பது கடைசிப் படகு. ‘லெட்’ என்று மாற்றுங்கள், சுற்றுக்கு ஒரு புது மாறி கிடைக்கும். ஜாவாவிலும் லூப்பின் உள்ளே படகை ஒரு புது மாறியில் எடுத்து அதைப் பயன்படுத்தினால் கம்பைலர் வாயைத் திறக்காது. இந்தப் பள்ளத்தில் விழுந்தது நீங்கள் மட்டுமில்லை. சி ஷார்ப் 2012-இல் தன் ஃபோர்ஈச் லூப்பையே திருத்தியது, கோ மொழி 2024-இல் 1.22 பதிப்பில்தான் திருத்திக்கொண்டது.

அப்புறம் ‘திஸ்’, அதாவது ‘இந்த ஆப்ஜெக்ட்’ என்று சுட்டும் சொல். பரீட்சையில் இதைத்தான் கேட்பார்கள். அனானிமஸ் கிளாஸுக்குள் ‘திஸ்’ என்றால் அந்தப் பெயரில்லா ஆப்ஜெக்ட். லாம்டாவுக்குள் ‘திஸ்’ என்றால் வெளியே சுற்றியிருக்கும் ஆப்ஜெக்ட். சுருக்கம்தானே என்று ஒன்றை அழித்து மற்றொன்றை எழுதினால் நிரலின் பொருளே மாறிப்போகலாம். லாம்டா ‘திஸ்’ஸைத் தொடாவிட்டால் வெளி ஆப்ஜெக்டைச் சுமப்பதில்லை. அனானிமஸ் கிளாஸ் பெரும்பாலும் கேட்காமலேயே பிடித்துவைத்துக்கொள்ளும். ஆண்ட்ராய்டில் மூடிய திரை மெமரியை விட்டுப் போகாமல் உட்கார்ந்திருப்பதற்கு இது ஒரு பழைய காரணம்.

அதற்காக அனானிமஸ் கிளாஸைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். லாம்டா, எழுதவேண்டிய மெத்தட் ஒன்றே ஒன்று உள்ள இன்டர்ஃபேஸுக்குத்தான் (எந்தெந்த மெத்தட் வேண்டும் என்று மட்டும் சொல்லும் ஒப்பந்தத்துக்குத்தான்) பொருந்தும். இரண்டு மெத்தட் எழுத வேண்டும், அப்ஸ்ட்ராக்ட் கிளாஸை நீட்ட வேண்டும், தனக்கென்று ஒரு ஃபீல்ட் வேண்டும் என்றால் பழைய ஆளான அனானிமஸ் கிளாஸ்தான் வேண்டும். ஒரே ஒரு இடம் உள்ள அரே செய்து, அதற்குள் மதிப்பை மாற்றிக் கம்பைலரை ஏமாற்றும் தந்திரம் எங்காவது கண்ணில் படும். எனக்கு அது பிடிக்காது. இரண்டு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் இரண்டு வேலைகள்) சேர்ந்து அதில் கை வைத்தால், வரும் பிழையைத் தேடிக் கண்டுபிடிப்பது நரகம்.

உங்கள் ஆப்பில் இன்னொரு விஷயம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுக்கு டோக்கன் கிடையாது. அந்தத் தேதிச் சோதனையை லூப்புக்கு வெளியே செய்து, விடையை ஒரு மாறியில் போட்டுப் பட்டனுக்குள் எடுத்துப்போகாதீர்கள். ஏப்ரல் 14 ராத்திரி திறந்துவைத்த ஆப், விடிந்த பிறகும் டோக்கன் உண்டு என்றே சொல்லிக்கொண்டிருக்கும். தேதியைப் பட்டன் தட்டும்போது, உள்ளேயே கேளுங்கள்.