யார்க்கை ஆண்ட வைக்கிங் அரசர்கள்: ஏடுகள் விட்டதைச் சொல்லும் காசுகள்

"இங்கிலாந்தில் ஆண்ட வைக்கிங் அரசர்களைப் பற்றி எந்த ஆதாரத்தை நம்புவது? ராக்னர் லோத்புரோக் உண்மையில் இருந்தாரா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வைக்கிங் கதைகளின் புகழ்பெற்ற நாயகன் ராக்னரை முதலில் முடித்துவிடுகிறேன். 845-இல் பாரிஸைத் தாக்கிய கூட்டத்துக்கு அந்தப் பெயருள்ள ஒருவன் தலைவனாக இருந்தான். ஆனால் வட இங்கிலாந்தில் இருந்த நார்தம்பிரியாவின் அரசன் ஏல்லா ராக்னரைப் பாம்புக் குழியில் தள்ளிக் கொன்றதும், மகன்கள் கடல் தாண்டிப் பழிவாங்க வந்ததும் மூன்று நூற்றாண்டுகளுக்கு அப்புறம் எழுதப்பட்ட கதைகளில் வருபவை. பழைய ஆங்கிலத்தில் ஆண்டுவாரியாக நிகழ்வுகளைப் பதிந்த ஆங்கிலோ-சாக்சன் குறிப்பேட்டில் ராக்னருக்கும் ஏல்லாவுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. 867-இல் வைக்கிங்குகளிடமிருந்து யார்க் நகரை மீட்கப் போன ஏல்லா சண்டையில் இறந்தான் என்பதோடு அது நிறுத்திக்கொள்கிறது.

அந்தக் குறிப்பேடுதான் நமக்குள்ள முதுகெலும்பு. 865-இல் வைக்கிங்குகளின் பெரும்படை வந்திறங்கியது, 876-இல் அதன் தலைவர்களில் ஒருவனான ஹால்ஃப்டன் நார்தம்பிரிய நிலத்தைத் தன் ஆட்களுக்குப் பங்கிட்டது எல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் 890-களில் அதைத் தொகுத்தவர்கள் தெற்கு இங்கிலாந்தில் இருந்த வெஸ்ஸெக்ஸின் அரசன் ஆல்ஃபிரட் பக்கத்து ஆட்கள். நடு இங்கிலாந்தில் இருந்த மெர்சியாவின் அரசன் இரண்டாம் கேயல்வுல்ஃபை வைக்கிங்குகள் உட்கார வைத்த அறிவிலி என்று அது ஒதுக்குகிறது. 2015-இல் வாட்லிங்டன் அருகே கிடைத்த புதையலைப் பார்த்தால் கதை வேறு: ஆல்ஃபிரட், கேயல்வுல்ஃப் இருவர் பெயரிலும் ஒரே வடிவக் காசுகள், பின்புறத்தில் இரண்டு பேரரசர்கள் அருகருகே அமர்ந்திருக்கிறார்கள். கூட்டாளியாக இருந்தவனைப் பிற்பாடு சிறுமைப்படுத்தி எழுதியிருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கூட்டாளிக்கே இந்தக் கதி. யார்க்கில் உட்கார்ந்து ஆண்ட வைக்கிங் அரசர்களைப் பற்றி அதே ஏட்டில் எவ்வளவு எதிர்பார்க்க முடியும்?

அங்கேதான் காசு பேசுகிறது. 1840-இல் லங்காஷயரின் குயர்டேல் என்ற இடத்தில் ரிபிள் ஆற்றங்கரையைச் சீர்செய்த தொழிலாளர்கள் ஓர் ஈயப் பெட்டியைக் கண்டெடுத்தார்கள். காசும் வெள்ளித் துண்டுமாக 8,600-க்கு மேல் இருந்தது. அதில் ஆயிரக்கணக்கான காசுகள் க்னூட், சீஃப்ரெட் என்ற இரு அரசர்களுடையவை. இந்த க்னூட், 1016-இல் இங்கிலாந்து முழுவதையும் பிடித்த புகழ்பெற்ற க்னூட் அல்ல; அவனுக்கு நூறாண்டு முந்தையவன். இவன் யார்க்கை ஆண்டதாகக் குறிப்பேட்டில் ஒரு வரிகூடக் கிடையாது.

2011-இல் அதே லங்காஷயரில் சில்வர்டேல் புதையல் கிடைத்தது. அதிலிருந்த ஒரு காசின் முன்பக்கத்தில் 'ஐர்டெகொனுட்' என்று இருக்கிறது. ஹார்தக்னூட் என்ற பெயரைத்தான் அப்படி எழுதியிருக்கிறார்கள் என்பது அறிஞர்கள் கருத்து. பின்பக்கத்தில் ஆண்டவர், அரசர் என்ற பொருள் தரும் லத்தீன் எழுத்துகள் சிலுவை வடிவில். எந்த ஏட்டிலும் இல்லாத ஓர் அரசன், விரல்நுனி அளவு வெள்ளியில் ஆயிரத்து நூறு ஆண்டு காத்திருந்திருக்கிறான்! வைக்கிங்குகள் குடியேறிய ஒரு தலைமுறைக்குள் அவர்கள் அரசன் சிலுவை பொறித்துக் காசு அடிக்கிறான் என்பதும் இதே காசில் தெரிகிறது.

கிழக்கு ஆங்கிலியாவில் இன்னும் வியப்பு. அங்கே அரசன் எட்மண்டை 869-இல் கொன்றவர்கள் டேனியர்கள், அதாவது வைக்கிங்குகள். அடுத்த முப்பது ஆண்டுக்குள் அவர்கள் ஆட்சிப் பகுதியிலேயே 'புனித எட்மண்ட்' பெயரில் காசு புழங்குகிறது.

அயர்லாந்து ஏடுகளையும் விட்டுவிடாதீர்கள். 873-இல் இறந்த ஈமர் என்பவனை அல்ஸ்டர் ஆண்டேடு அயர்லாந்து, பிரிட்டன் வடவர்கள் (வைக்கிங்குகள்) அனைவரின் அரசன் என்கிறது. இவன்தான் கதைகளில் ராக்னரின் மகனாக வரும் 'எலும்பில்லாத' ஐவார் என்று பலர் கருதுகிறார்கள். எனக்கும் அது பொருந்துவதாகவே படுகிறது.

13-ஆம் நூற்றாண்டு ஐஸ்லாந்து வீரக் கதைகளான சாகாக்களைக் கதையாக ரசித்துப் படியுங்கள், ஆனால் ஆண்டுக் கணக்குக்கு அவற்றை நம்ப வேண்டாம். முதலில் குறிப்பேட்டில் 865 முதல் 954 வரையுள்ள பகுதியைப் படித்துவிடுங்கள். அப்புறம் பிரிட்டிஷ் மியூசியத்தின் இணையத் தொகுப்பில் குயர்டேல் காசுகளைத் தேடிப் பாருங்கள். படங்கள் இலவசம்.